நாற்பத்தெட்டாவது விநாடி

அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. ஆலங்குடிப் பக்கம், முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருக்கிறார். தோள்பைக்குள் சுருட்டிய சார்ட்டுகள், பாடக்குறிப்பு நோட்டு, ஒரு சின்ன ஸ்பீக்கர், சார்ஜர். பிள்ளைகளுக்கு அவர் "புது டீச்சர்".

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவன். பின்சுவரோரம் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டபோது வகுப்பாசிரியை சரி என்றார். அதற்குப் பிறகு நான் அங்கே வாய் திறக்கவில்லை.

ஈராசிரியர் பள்ளி. முதல் மூன்று வகுப்புகளுக்கும் ஒரே அறை, ஒரே ஆசிரியை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டப்படி பிள்ளைகள் வகுப்புவாரியாக உட்காருவதில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையைப் பார்த்து உட்காருகிறார்கள். முன்சுவரில் தொடுதிரை. 2024இல் அரசு தொடக்கப் பள்ளிகளில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கப்போவதாக அறிவித்தபோது ஊரில் ஆளாளுக்குப் பேசினார்கள். திரை வந்தால் பாடம் தானாக நடந்துவிடும் என்றவர்களும் உண்டு, பிள்ளைகள் கெட்டுப்போகும் என்றவர்களும் உண்டு. திரையின் முன்னால் நிற்கப்போகிறவரைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

அன்று மலர்க் குழுவுக்குக் கழித்தல். 42இலிருந்து 17. ஒன்றாம் இடத்தில் இரண்டிலிருந்து ஏழு போகாது; பத்தாம் இடத்தில் கடன் வாங்க வேண்டும். பள்ளியில் இணையம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், அந்தப் பாடத்துக்கான காணொளியைப் புது டீச்சர் முதல்நாளே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். திரையில் நான்கு குச்சிக் கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் வந்து நின்றன. ஒரு கட்டு அவிழ்ந்து பத்துக் குச்சிகளாகச் சிதறியதும் அறை முழுக்க "ஏய்..." என்று சத்தம். அரும்புக் குழந்தைகள்கூடத் தங்கள் அட்டையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார்கள். டீச்சர் முகத்திலும் அதே சந்தோஷம்.

நடுவில் காணொளி திடீரென்று தொடக்கத்துக்கு ஓடிப்போனது. அவர் பதறிப்போய் ஸ்பீக்கரைப் பார்த்தார், பென்டிரைவைப் பார்த்தார். முந்தானை பட்டிருந்தது. இந்த வகைத் திரையின் சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். அவற்றை எது மறித்தாலும், சேலைத் தலைப்போ ஈயோ, திரை அதை விரல் என்றே எடுத்துக்கொள்ளும். மறுநாளிலிருந்து ஊக்கு குத்திய முந்தானைதான். பயிற்சிக் கல்லூரிப் பாடத்தில் இதையெல்லாம் யார் எழுதி வைத்திருக்கப் போகிறார்கள்!

காணொளி முடிந்தது. "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது டீச்சர்!" அதே கணக்கை நோட்டில் போடச் சொன்னார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆறு நோட்டுகள் தெரிந்தன. நான்கில் 35.

இந்த 35 கவனக்குறைவால் வருவதல்ல. இரண்டிலிருந்து ஏழு போகாது என்றதும் குழந்தை ஏழிலிருந்து இரண்டை எடுத்துவிடுகிறது, ஐந்து. நாலில் ஒன்று போனால் மூன்று. பெரியதிலிருந்து சின்னதைத்தான் எடுக்க முடியும் என்று அதுவரை கற்றதை நம்பிப் போட்ட விடை. அதன் யோசனை அந்த எண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. கட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் திரை அலுக்காமல் அவிழ்த்துக் காட்டும். நோட்டில் இருக்கிற 35 அதற்குத் தெரியாது.

வகுப்பாசிரியை நடுத்தர வயதைத் தாண்டியவர். 2007இல் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தபோது பாய் விரித்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பழகியவர். பாடம் முழுக்க அரும்புக் குழந்தைகளுக்கு எழுத்து அட்டை கொடுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லார் முன்னாலும் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் தட்டுக் கழுவும் இடத்தில், தாழ்ந்த குரலில், "படம் ஓடறப்ப நீயும் படத்தத்தானேம்மா பார்த்த?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா டீச்சர்."

அவ்வளவுதான் பேச்சு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் இந்தப் பட்டயப் படிப்பில் குறைந்தது 20 வாரப் பள்ளிப் பயிற்சி வேண்டும் என்கின்றன. அத்தனை வாரம் எதற்கு என்று கேட்பவர்கள் அந்தத் தட்டுக் கழுவும் இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

மறுநாள் புது டீச்சரின் பாடக்குறிப்பு நோட்டு மேசைமேல் திறந்திருந்தது. "துணைக்கருவி" என்ற தலைப்பின்கீழ் முன்பு "காணொளி" என்று ஒற்றைச் சொல்லாக இருந்த இடத்தில் இப்போது பென்சிலில் இப்படி: 0:48, நிறுத்து. கட்டைப் பிரிக்கணுமா? 1:10, நிறுத்து. இப்ப மொத்தம் எத்தனை?

திரைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்து நின்றார். மேசையிலிருந்தே நிறுத்த வசதியாக ரிமோட் கையில். குழுவுக்கு நான்கு ஈர்க்குச்சிக் கட்டுகள், ரப்பர்பேண்ட் போட்டது, இரண்டு உதிரி. காணொளி ஓடியது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கட்டு அவிழப் போகிற நொடியில் படம் நின்றது.

"இதுல ஏழு எடுக்கணும். ரெண்டுதான் இருக்கு. என்ன பண்ணலாம்?"

சத்தமில்லை. பிறகு ஒரு பையன், "பக்கத்துல கேக்கலாம்" என்றான்.

"யார்கிட்ட?"

"பத்துகிட்ட."

"கேட்டா ஒரு குச்சி குடுக்குமா, ஒரு கட்டாவே குடுக்குமா?"

இந்தக் கேள்விக்கு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். அவர் விடை சொல்லவில்லை. அவிழ்த்துப் பாருங்கள் என்று விட்டுவிட்டார். ரப்பர்பேண்டுகள் தெறித்தன. குச்சிகளை எண்ணி, பத்தோடு இரண்டு பன்னிரண்டு என்று அவர்களாகக் கண்டுபிடித்த பிறகுதான் காணொளி மறுபடி ஓடியது. இந்த முறை "ஏய்..." இல்லை. "நாங்க சொன்னோம்ல டீச்சர்!" என்றார்கள்.

எனக்கு அப்போது ஒன்று தெளிவாகப் பட்டது. கருவியை இயக்கக் கற்பது இரண்டு நாள் வேலை. இந்தத் தலைமுறைக்கு அதுகூட வேண்டாம். எங்கே நிறுத்துவது என்பதைப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். பயிற்சி மாணவர்களை மதிப்பிட வருகிறவர்கள் காணொளி காட்டினாரா என்று மட்டும் பார்த்தால் போதாது. காட்டும்போது அவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றார் என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு பிள்ளைகள் மட்டும் இன்னும் 35. டீச்சர் ஒரு நிமிடம் யோசித்தார். மற்றவர்களுக்குத் திரையில் எண்களைச் சரியான இடத்துக்கு இழுத்து வைக்கும் விளையாட்டைப் போட்டுவிட்டு, வரிசையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நிறுத்தினார். எட்டாத குட்டிகளுக்கு ஒரு முக்காலி. அந்தக் கூட்டம் திரையோடு மும்முரமாகிவிட, அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு அந்த இரண்டு பேரோடு தரையில் சம்மணமிட்டார். ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பையும் இழுத்துப் பிடிக்கிற அறையில், இரண்டே குழந்தைகளுக்கென்று பத்து நிமிடம் கிடைப்பது சாதாரணமல்ல. அந்தப் பத்து நிமிடத்தை அன்று திரை கொடுத்தது.

பையன் கட்டை அவிழ்த்து எண்ணி 25 என்று எழுதினான். சிறுமிக்குக் கட்டைப் பிரிக்க மனசில்லை. "பிரிச்சா பத்து போயிருமே டீச்சர்" என்றாள்.

"எங்க போகும்? நீயே எண்ணிப் பாரு."

எண்ண ஆரம்பித்தாள். பாதியில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. டீச்சர் அந்தக் குச்சிகளை அப்படியே விட்டுவைத்து, பிள்ளைகள் மிதிக்காதபடி சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். "சாப்பிட்டு வந்து மீதிய எண்ணலாம், வா" என்றார்.