காலை எட்டு மணிப் பலகை

1982, ஜூன் 30

சோவியத் ஒன்றியம் இந்நாளில் ஏவிய கோஸ்மோஸ் 1383 என்னும் செயற்கைக்கோள், அமெரிக்கா, கனடா, பிரான்சு ஆகிய நாடுகளுடன் அது கூட்டாக அமைத்த காஸ்பாஸ்-சார்சாட் என்னும் அபாய அழைப்பு வலையமைப்பின் முதற்கோளாகும். கீழிருந்து ஒரு கருவி அனுப்பும் அலையின் அதிர்வெண், கோள் நெருங்கும்போது கூடியும் விலகும்போது குறைந்தும் தோன்றுவதால், அந்த மாற்றத்தைக் கணித்து அழைப்பவரின் இருப்பிடத்தை அறிய முடிந்தது. ஆயினும் அன்று அது கப்பலுக்கும் விமானத்துக்கும் உரிய வசதியாகவே இருந்தது.

1998, ஜனவரி 25, ஞாயிறு

ஆஸ்திரேலியாவின் போர்ட் டக்ளஸிலிருந்து பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குச் சென்ற முக்குளிப்புப் படகொன்று, தலை எண்ணிக்கை பிழைத்ததால், நீருக்குள் இருந்த அமெரிக்கத் தம்பதியரை விட்டுவிட்டுக் கரை திரும்பியது. நீர்மட்டத்துக்கு மேல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் கண் உள்ளவருக்கு அடிவானம் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டரில் முடிந்துவிடும். படகில் நிற்பவருக்கோ அவர் தலை, அலைமேட்டில் தோன்றிப் பள்ளத்தில் மறையும் தேங்காய் நெற்றுக்கு மேல் பெரிதாகத் தெரியாது. இதனால்தான் முக்குளிப்போர் 'சாசேஜ்' என்றழைக்கும், காற்றடைத்தால் ஆளுயரம் நிமிரும் செம்மஞ்சள் குழலும், வெயிலைத் திருப்பியடிக்கும் கண்ணாடியும், விசிலும், இரவில் விட்டுவிட்டு மின்னும் விளக்கும் தோன்றின. இவை யாவும் எங்கோ ஒரு கண்ணோ காதோ தம் பக்கம் திரும்பியிருக்கிறது என்னும் நம்பிக்கையில் செய்யப்பட்டவை.

ஜனவரி 26, திங்கள்

நீருக்கடியில் பேச இயலாததால் செய்தி எழுதிக் காட்ட முக்குளிப்போர் வைத்திருக்கும் சிறு பலகையொன்று பல மாதங்களுக்குப் பின் வெகுதொலைவில் கிடைத்தது. அதில் இந்நாளும் காலை 8 மணி என்னும் நேரமும், அத்தம்பதியர் கைவிடப்பட்ட செய்தியும், காப்பாற்றும்படி வேண்டுகோளும் எழுதப்பட்டிருந்தன. அபாயச் செய்தி என்ற அளவில் அதில் குறையேதுமில்லை. அதை அனுப்பும் வழிதான் இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

படகில் எஞ்சிக் கிடந்த பையால்தான் இருவர் திரும்பாதது தெரியவந்தது. அதுவரை தேடுவார் எவருமில்லாத கடலில், எத்தனை நிறக் குழல்கள் நிமிர்ந்திருந்தாலும் பயன் என்ன? கருவி விற்போர் சொல்லாவிட்டாலும், பயணிகளைப் பெயர் சொல்லி எண்ணிச் சரிபார்ப்பதே முதற் பாதுகாப்பு. அத்தம்பதியர் கிடைக்கவேயில்லை.

2003, ஜூலை 1

பி.எல்.பி. எனப்படும் தனிநபர் இடங்காட்டியைப் பொதுமக்கள் நாடெங்கும் பயன்படுத்த அமெரிக்கா இந்நாள் முதல் அனுமதித்தது. 406 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 50 நொடிக்கொருமுறை அரை நொடி மட்டும் அலை விடும் இக்கருவி, உரிமையாளரின் பதிவோடு இணைந்த எண்ணைக் காஸ்பாஸ்-சார்சாட் கோளுக்கு அனுப்புவதோடு, தேடி வருவோர் திசையறிய 121.5 மெகாஹெர்ட்ஸிலும் மெல்லிய குறி விடும். குறைந்தது 24 மணி நேரம் இயங்க வேண்டிய இதை, ஆழத்தின் அழுத்தம் தாங்கும் உறையிலிட்டு எடுத்துச் சென்று, மேலெழுந்தபின் ஆண்டெனாவை வானம் நோக்கிப் பிடித்தால்தான் பயனுண்டு. படகு மறந்துவிட்டவரையும் மறவாத கருவி இது எனலாம். மற்றொரு வகையான ஏ.ஐ.எஸ். கருவி, 972 எனத் தொடங்கும் எண்ணுடன் சுற்றிலுமுள்ள கலங்களின் திரையில் ஆளின் இடத்தைக் காட்டுவதால், மீட்போரைச் சரியான புள்ளிக்கே கொண்டு சேர்க்கும். அருகில் அத்திரையுள்ள கலம் இல்லையேல் அது பேசும் சொல் காற்றோடு போகும்.

2022, ஏப்ரல் 6 முதல் 9 வரை

மலேசியாவின் மெர்சிங் கடலில் முக்குளித்து மேலெழுந்த நால்வரை நீரோட்டம் இழுத்துச் சென்றது. அவர்களுள் பயிற்றுநரை மறுநாள் ஓர் இழுவைப்படகும், இன்னும் இருவரை 9ஆம் நாள் மீனவரும் கண்டு மீட்டனர். சிறுவன் ஒருவன் பிழைக்கவில்லை. இழுவைப்படகின் திரையில் ஏ.ஐ.எஸ். குறி தோன்ற வாய்ப்புண்டு. சிறு மீன்பிடிப் படகில் பெரும்பாலும் அத்திரை இராது, அங்கே கண்ணில் படுவது செம்மஞ்சள் குழல்தான்.