கருவியும் இசைவும்

கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே அமைந்த ஊர் குறிஞ்சிப்பாடி. பெயரிலே குறிஞ்சி உண்டு. ஊரிலே மலை இல்லை. நெல்வயலும் கரும்பும் தறியொலியும் நிறைந்த சமவெளி அது. அதற்கு அண்மையில் உள்ளது நெய்வேலி. 1956ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நிலக்கரி நிறுவனத்தால் உலகறிந்த நகர் அது. அங்கே நிலத்தை அகழும் பேரெந்திரங்களைக் காண்போர் வியந்து நிற்பர். எனக்கோ அவற்றினும் வியப்பளிப்பவை நீரிறைக்கும் கிணறுகள். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் மிகுந்த அழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கிறது. இரவும் பகலும் அதனை இறைத்து அழுத்தத்தைத் தணித்தால் அன்றிக் கரியை அகழ இயலாது. கரியை நாடிச் சென்ற பொறியாளர் முதலில் இந்த நீரைப் பற்றி எண்ணவேண்டியிருந்தது.

பள்ளிக்குள் கருவிகள் வந்தபோது நாம் அவ்வாறு எண்ணினோமா? தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கைப்பேசியைக் காட்டினால் காணொளி விரியும் குறியீடுகள் இடம்பெற்றன. 2020இல் பெருந்தொற்றுப் பள்ளிகளை மூடியபோது, கைப்பேசியே பலர்க்கு வகுப்பறை ஆயிற்று. தறிமேடை அருகே அமர்ந்து, தந்தையின் கைப்பேசியில் கணக்குப் பாடம் கேட்ட பிள்ளைகளை நான் அறிவேன். ஆகையால் இக்கருவிகளைப் பழிப்பார் கூட்டத்தில் நான் சேரேன். கருவியைத் தந்த வேகத்தில் அதனைக் கையாளும் முறையைத் தந்தோமா என்பதே என் ஐயம்.

ஒருமுறை, 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். நெசவாளர் ஒருவரின் மகன் மூன்று பக்கம் எழுதி வந்தான். நடை தெளிவாக இருந்தது. ஒரு சந்திப் பிழையும் இல்லை. ஆனால், "மலையும் மலை சார்ந்த இடமுமாகிய எங்கள் குறிஞ்சிப்பாடியில் அருவிகள் பாய்கின்றன" என்று அக்கட்டுரை தொடங்கியது! செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் வினவி, அது தந்ததை அவ்வாறே எழுதிவிட்டான். பொறி ஐந்திணை இலக்கணத்தை அறிந்திருந்தது; எங்கள் ஊரை அறிந்திருக்கவில்லை. வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். "உன் தந்தையார் ஒரு கைலி நெய்ய எத்துணை நேரம் ஆகும்?" என்று கேட்டேன். பாவு பூட்டுவது முதல் மடித்து வைப்பது வரை அவன் கால் மணி நேரம் பேசினான். அந்தச் செய்தி எந்தப் பொறியிடமும் இல்லை, அவனிடமே இருந்தது. பொறியிடம் வினவுதல் குற்றமன்று. அது கூறியதை ஆராயாது தன் பெயரிட்டு வைத்தலே தவறு. அதனால் ஏமாற்றப்படுபவர் ஆசிரியர் மட்டும் அல்லர்.

பிறர் எழுத்தை எடுத்தாள இசைவு வேண்டும் என்பது நேற்று வந்த வழக்கமன்று. குறிஞ்சிப்பாடிக்கு அடுத்த வடலூரிலே 1867ஆம் ஆண்டில் தருமச்சாலை கண்டவர் இராமலிங்க அடிகள். அவர்தம் பாடல்களை அச்சேற்ற விரும்பிய அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார். பாடல்கள் வந்து சேரும்வரை நாளுக்கு ஒருவேளையே உண்பதென அவர் நோன்பு கொண்டார், பல்லாண்டு காத்திருந்தார். அடிகள் இறுதியில் இசைந்தார். ஆயினும், தம் பெயரை 'இராமலிங்கசாமி' என வழங்குதல் ஆரவாரமாகத் தோன்றுவதால் அதற்குத் தாம் உடன்படவில்லை என்று எழுதினார். தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் வெளிவந்தன. எழுதியவர் உளம் இசைந்தபின் அச்சேற்றிய அந்த அன்பரை நினைக்கும்போது, ஒரு நூல் முழுவதையும் ஒரு விரல் தொடுதலால் ஊரெங்கும் அனுப்பிவிடும் நம் காலத்து விரைவு எனக்குச் சற்று நாணம் தருகிறது.

பாரதியார் பாடல்களின் வரலாறு இன்னும் சுவையானது. கவிஞர் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களைத் திரைப்படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை பின்னர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சென்றது. 1948இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் பாரதியார் பாட்டு ஒன்று இடம்பெறவே, வழக்கு மூண்டது. நாட்டுக்குப் பாடியவன் பாட்டு ஒருவர் உடைமையாக இருப்பதா என்று அறிஞர் பலர் கேட்டனர். 1949இல் சென்னை அரசு அவ்வுரிமையை ஏற்றது. செட்டியாரும் விலை பெறாது விட்டுக்கொடுத்தார். பின்னர் அப்பாடல்கள் மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின. இன்று பள்ளி விழாவில் அவற்றைப் பாடிக் காணொளியாக வெளியிட எவர் இசைவும் வேண்டா. ஆனால், அதே பாட்டுக்கு இக்காலத்து இசையமைப்பாளர் அமைத்த இசையையும், பாடகர் பாடிய பதிவையும் எடுத்து ஒட்டினால் செய்தி வேறு. பாட்டு பொது, பதிவு பொதுவன்று. இந்த வேறுபாட்டை மாணவர் பலர் அறியார்.

சட்டம் கொடுங்கோல் அன்று. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பாடம் நடத்துவதற்காக ஆசிரியரும் மாணவரும் பிறர் எழுத்தைப் படியெடுத்தலையும், வினாவிலும் விடையிலும் எடுத்தாளுதலையும் உரிமை மீறலாகக் கொள்வதில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பாடப் பகுதிகளைப் படியெடுத்துத் தொகுத்து விற்ற கடையின்மீது வெளிநாட்டுப் பதிப்பாளர் வழக்குத் தொடுத்தனர். 2016இல் உயர்நீதிமன்றம் மாணவர் பக்கமே நின்றது. 2017இல் பதிப்பாளர் வழக்கைக் கைவிட்டனர். இத்துணைப் பரந்த சலுகை இருக்க, புதிதாக வந்த நாவலையோ திரைப்படத்தையோ திருட்டுப் படியாகப் பரப்பிவிட்டுக் 'கல்விக்காக' என்று கூறுதல் பொருந்தாது. தமிழ் விக்கிப்பீடியா போன்ற களஞ்சியங்கள், மூலத்தைச் சுட்டிவிட்டு எடுத்துக்கொள்க என்று தாமே கதவைத் திறந்து வைத்துள்ளன. அங்கும் சுட்டுதல் என்னும் சிறு கடன் உண்டு.

நூலுக்கே இசைவு வேண்டும் எனில், ஒருவர் முகத்துக்கு வேண்டாவா? ஒரு பள்ளியின் விளையாட்டு விழாவில் மாணவி ஒருத்தி ஓட்டத்தில் கால் இடறி விழுந்தாள். யாரோ ஒருவன் அதனைக் கைப்பேசியில் பிடித்தான். மற்றொருவன் நகைமொழி சேர்த்தான். மாலைக்குள் மூன்று வகுப்புகளுக்கும் அது சென்றுவிட்டது. முழங்காற் புண் நான்கு நாளில் ஆறியது. அவள் பள்ளிக்கு வராத நாட்களோ பன்னிரண்டு. அனுப்பியவர் எவரும் தீயவர் அல்லர். ஒவ்வொருவரும் தாம் ஒருமுறைதான் தொட்டதாகக் கூறினர். எனக்குத் துயர் தந்தது அந்த விடையே. படத்தை அழிக்கச் சொன்னோம், அழித்தனர். எத்தனைக் கைப்பேசிகளில் அது எஞ்சியிருந்தது என்பதை எவரால் கூற முடியும்? 2023ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தனியர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத ஒருவரின் தரவுகளை நிறுவனங்கள் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. நிறுவனத்துக்கே இவ்வரம்பு எனில், தோழிக்குத் தோழர் காட்டவேண்டிய மதிப்பைச் சட்டநூலில் தேடவேண்டியதில்லை.

கடவுச்சொல்லைத் தோழனுக்கும் கூறலாகாது. ஒருமுறை மட்டும் பயன்படும் எண்ணைக் கேட்டு வரும் குரல் எத்துணை இனிமையாயினும் அதனைக் கூறலாகாது. இவற்றைப் பிள்ளைகள் நன்கு அறிவர். சில வீடுகளில் பெற்றோர்க்கு அவர்களே கற்பிக்கின்றனர். அவர்கள் அறியாதது வேறொன்று. விளையாட்டுச் செயலி ஒன்றில் சிக்கித் தந்தையின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால், அடிக்கு அஞ்சி வாய் திறவாது இருந்துவிடுகின்றனர். பணத்தைக் கவர்ந்தோர் அதனை ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு மாற்றிக்கொண்டே செல்வர். 1930 என்னும் எண்ணை உடனே அழைத்து முறையிட்டால், இடையில் தடுத்து நிறுத்த வழி உண்டு. எவரேனும் படத்தைக் காட்டி அச்சுறுத்தினால் 1098 என்னும் எண் சிறுவர்க்கெனவே உள்ளது. வீட்டில் கூற அஞ்சினால் ஆசிரியரிடம் கூறுக. நள்ளிரவாயினும் கூறுக, விடியும்வரை காத்திருந்தால் அந்தப் பணம் பல கணக்குகளைக் கடந்து போயிருக்கும்.