கல்லுக்கு ஒரு சர்வீஸ் ரிஜிஸ்டர்!

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி ரோட்டில் இருபது கிலோமீட்டருக்குள் நார்த்தாமலை. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால், பொட்டல் வெளியில் யானைகள் படுத்திருப்பது போல வரிசையாக மலைகள் தெரியும். கிடைக்காவிட்டால் முன்னால் நிற்பவரின் டிபன் பை தெரியும். எனக்குத் தெரிந்தது டிபன் பை.

கூட வந்தவர் எங்கள் ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து 2024-ல் ரிடையரானவர். அப்போது 'சார்', இப்போது 'அண்ணே'. மனுஷருக்கு ஒரே ஒரு தீராத வருத்தம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று, தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டுத் தொலைத்துவிட்டார். "அஞ்சு வயசு ஆச்சுய்யா" என்று ஹெட்மாஸ்டர் 1-6-1964 என்று ஒரு தேதியைப் போட்டுவிட்டார்.

"எங்கம்மா சொல்லும் தம்பி... தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோச்சே, அந்தப் புயல் அடிச்சப்ப நான் வயித்துல இருந்தேனாம். புயல் 64 டிசம்பர். நான் எப்படி ஜூன்ல பொறந்திருக்க முடியும்? குறைஞ்சது ஆறு மாச சம்பளம் போச்சு!"

மேலமலைப் பாறையில் ஏறினோம். செருப்பு வழுக்கியது, மூச்சு இரைத்தது. மேலே விஜயாலய சோழீச்சரம் சின்னதாக, அழகாக நிற்கிறது. எதிரே குடைவரையில் பன்னிரண்டு விஷ்ணு சிலைகள் வரிசையாக. காற்று சும்மா அள்ளுகிறது.

"இந்தக் கோயிலுக்கு என்ன வயசு தம்பி?"

"ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல அண்ணே."

"நாம உட்கார்ந்திருக்கிற பாறைக்கு?"

"50 கோடி வருஷத்துக்குக் குறையாது."

அண்ணன் சட்டென்று எழுந்து நின்றார். மரியாதைக்கு அல்ல. "அதை எந்த ஹெட்மாஸ்டர் எழுதினாரு?"

நியாயமான கேள்வி. பாறைக்குள் சிர்கான் என்று ஒரு பொடிப்பொடியான மணி இருக்கிறது. பாறைக் குழம்பு ஆறி இறுகும்போது பிறக்கிற படிகம். பிறக்கும்போது கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஈயத்தைக் கிட்டே அண்டவிடாது. அந்த யுரேனியம் மெள்ள மெள்ள ஈயமாக மாறும். பாதி மாறவே சுமார் 447 கோடி வருஷம் ஆகும். ஆக, இன்றைக்குள்ள ஈயத்தையும் மீதி யுரேனியத்தையும் அளந்தால் பிறந்த தேதி வந்துவிடும். லஞ்சம் கொடுத்தும் மாற்ற முடியாத தேதி!

அந்த நேரம் பார்த்து ஓர் ஓணான் பாறை மேல் வந்து தலையாட்டியது.

"இந்தப் பயலுக வம்சத்துக்கு?"

அங்கேதான் சிக்கல். இந்தப் பாறை இறுகியபோது நாலு கால் என்று உலகத்தில் எதுவுமே கிடையாது. மேஜைகூட! போலந்தில் கிடைத்த காலடித் தடங்கள்தான் ரொம்பப் பழசு, சுமார் 39 கோடி வருஷம். மேலும், வெந்து உருகி இறுகிய பாறையில் எலும்பு தங்காது. எலும்பு வேண்டுமென்றால் சேறும் மணலும் படிந்த கல்லுக்குப் போக வேண்டும். நம் பக்கத்தில் அரியலூர் அப்படிப்பட்ட இடம். ஒரு காலத்தில் கடல். ஆனால் படிவுக் கல்லில் இருக்கும் மணிகள் எல்லாம் வேறு எங்கிருந்தோ அடித்து வரப்பட்டவை. வாடகைக்கு வந்தவரின் வயதை வைத்து வீட்டின் வயதைச் சொல்ல முடியுமா? அதனால் அங்கே சுருள்கூடு அம்மோனைட்டுகளைப் பார்த்து, எந்த வகை எந்தக் காலத்தது என்று ஒப்பிட்டுத்தான் கணக்குப் போட்டார்கள்.

ஸ்காட்லாந்தில் ஈஸ்ட் கிர்க்டன் என்று ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரி. 1984-ல் ஸ்டான் வுட் என்பவர் அங்கே தேட ஆரம்பித்தார். நாலு கால் பிராணிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதில் ஒன்று ஒரு ஜாண் நீளம், பல்லி மாதிரி. செல்லப் பெயர் லிஸ்ஸி. ஒப்பிட்டுப் போட்ட வயசு சுமார் 33.1 கோடி.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஹெக்டர் கார்சாவும் கூட்டாளிகளும் அந்தப் படிவங்களை ஒட்டியிருந்த கல்லில் சிர்கான் தேடினார்கள். அக்கம்பக்கத்தில் எரிமலைகள் இருந்த ஊராச்சே! கிடைத்தது. 2025-ல் வெளியான முடிவுப்படி, லிஸ்ஸியின் வயசு 34.6 கோடி வரை போகலாம். ஒன்றரை கோடி வருஷம் சீனியாரிட்டி!

"அதனால என்ன தம்பி, இன்கிரிமென்ட்டா?"

"அதுக்கும் மேல அண்ணே. 36 கோடியிலேர்ந்து 34.5 கோடி வரைக்கும் நாலு கால் எலும்பு ரொம்ப அபூர்வம். ரோமர் இடைவெளின்னு பேரு. லிஸ்ஸி அந்த இடைவெளிக்குள்ளயே உட்கார்ந்திருக்கான்னா, தரைக்கு வந்த கால்கள் நாம நினைச்சதைவிட சீக்கிரமே தேறிடுச்சுன்னு அர்த்தம்."

"அதென்ன 'வரை போகலாம்'? கரெக்டா சொல்ல மாட்டாங்களா?"

"படிவுக்குள்ள எரிமலையோட மணி இருந்தா, படிவு எரிமலைக்கு அப்புறம்தானே வந்திருக்கணும்? அதைவிடப் பழசா இருக்க முடியாது. அவ்வளவுதான் அந்த மணி சொல்லும்."

அண்ணன் பேசவில்லை. ரொம்ப நேரம் சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"இதைத்தானே எங்கம்மா சொல்லுச்சு. புயலுக்கு முன்னாடி நீ பொறந்திருக்க முடியாதுடான்னு. எழுதப் படிக்கத் தெரியாதுன்னு ஒருத்தனும் காதுல வாங்கலை."

கீழே இறங்கும்போது கேட்டார்: "அந்தச் சிர்கான் எங்க கிடைக்கும்?"

"மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல்ல கிடைக்கும் அண்ணே. எதுக்கு?"

"ஒரு கைப்பிடி வாங்கிட்டு வா தம்பி. மனுவோட சேர்த்து வைப்போம்!"