இரவில் உன்னோடு எத்தனை பேர்?

எங்கள் மூத்த மகள் ஒரு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றபோது, கீழ்பென்னாத்தூரில் எங்கள் இல்லம் தேடி வந்து வாழ்த்தாதவர் இல்லை. இனி அவளுக்குக் கவலை ஏது என்றே நாங்களும் எண்ணினோம்.

ஆறு திங்கள் கழித்து விடுமுறையில் வந்தவள், வாசலில் காய்ந்துகொண்டிருந்த நிலக்கடலையைக் கையால் அளைந்தபடி, "அப்பா, வேலையை விட்டுவிடலாமென்று நினைக்கிறேன்" என்றாள். நாற்பது நோயாளிகள் கொண்ட பிரிவில் இரவுப் பணிக்கு ஒரே ஒரு செவிலியர். முதியவர் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று. பழி அவ்விளம்பெண்மீது விழுந்தது. அவளைத் தண்டிக்கும் ஆணையில் கையொப்பமிட வேண்டியவள் எங்கள் மகள். மேலிருந்தோர் ஆள் தர மறுத்தனர். கீழிருந்தோர் அவளை மேலிடத்து ஆளாகவே பார்த்தனர்.

"இது தொண்டு, பொறுத்துக்கொள்ளம்மா" என்றோம் நாங்கள். அவள் மறுமொழி கூறவில்லை.

அவளுக்கு வழி காட்டியது எங்கள் அறிவுரையன்று. தோழி ஒருத்தி அவளை இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின் கூட்டமொன்றுக்கு அழைத்துச் சென்றாள். தன்னைப் போன்ற கண்காணிப்பாளர் பலரை அங்கே கண்டாள். எல்லோருக்கும் அதே இரவு, அதே ஒற்றைச் செவிலி! பொது மருத்துவமனையில் ஐந்து படுக்கைக்கு ஒரு செவிலியர் என்று இந்தியச் செவிலியர் குழுமம் வகுத்துள்ள அளவை மனுவில் எடுத்துக்காட்டும் முறையை மூத்தவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

சங்கத்தின் வரலாற்றையும் அவள் வாயிலாகவே அறிந்தோம். 1905ஆம் ஆண்டு லக்னோ நகரில், நிர்வாகப் பொறுப்பிலிருந்த ஐரோப்பியச் செவிலியர் ஒன்பதின்மர் கூடிக் கண்காணிப்பாளர் சங்கம் அமைத்தனர். 1908இல் பயிற்சி பெற்ற செவிலியர் அனைவருக்குமான சங்கம் பிறந்தது. 1922இல் இரண்டும் ஒன்றாயின. தலைவியர் தமக்கென்று கூடியதோடு நில்லாமல், தம்கீழ்ப் பணியாற்றுவோருடன் ஒரே அமைப்பில் இணைந்தனர் என்பதே எங்கள் நெஞ்சைத் தொட்டது.

மகள் பணியை விடவில்லை. தண்டனை ஆணையில் கையொப்பமிடவும் இல்லை. இரவுப் பணிக்கு ஆள் வேண்டுமென எழுத்தில் கொடுத்தாள். மூன்று திங்கள் கடந்து இரண்டாவது செவிலியர் வந்தார். இன்னும் போதாது என்கிறாள்.

தொண்டு என்னும் நல்ல சொல்லைக் கொண்டே அவள் வாயை அடைத்தோமே என இன்று வருந்துகிறோம். உங்கள் இல்லத்திலும் செவிலியாய்ப் பணிபுரியும் மகளோ மருமகளோ இருக்கக்கூடும். அவள் விடுமுறையில் வரும்போது, பொறுத்துக்கொள் என்று சொல்லுமுன், இரவில் உன்னோடு எத்தனை பேர் என்று கேளுங்கள்.