ஊசலாடிய ஒரு பகல்

மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கெனக் கொண்டார். செல்வம், புலன் நுகர்ச்சி, காதலர் கூட்டம் ஆகியவற்றோடு விளையாட்டையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அது சிறார்க்குரிய விளையாட்டு என்று அவர் வேலியிடவில்லை. பரிபாடலின் வையைப் பாடல்களைப் பயின்றோர், புதுப்புனல் வந்த செய்தி கேட்டு மதுரையே ஆற்றை நோக்கி ஓடிய காட்சியை அறிவர். ஓடியவர்கள் வளர்ந்தவர்களே. புகார் நகரத்து இந்திரவிழாவின் முடிவில் கடலாடச் சென்றவர்களும் வளர்ந்தவர்களே. அந்தக் கடலாட்டு கோவலனுக்கும் மாதவிக்கும் பிரிவைத் தந்தது என்பது வேறு செய்தி.

பின்வந்த பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் ஊசலைப் பெண்பாற் பருவங்களுள் சேர்த்தனர். சிறுதேரை ஆண்பாற் பருவங்களுள் சேர்த்தனர். இசுலாமியப் புலவர்களும் அம்மரபைப் போற்றிப் பாடினர். இலக்கியத்தில் அது அழகிய மரபு. வாழ்க்கையிலோ, விளையாட்டென்றாலே பிள்ளைகளுக்குரியது என்னும் எண்ணம் நம் வீடுகளில் எப்படியோ வேரூன்றிவிட்டது. நாற்பதைத் தொட்ட ஓர் ஆண்மகன் ராட்டினத்தில் ஏற வேண்டுமாயின் ஒரு குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு செல்ல வேண்டும். குழந்தைதான் அவனுக்கு அனுமதிச்சீட்டு.

அந்தச் சீட்டு இல்லாமல் நாங்கள் நால்வர் 2019ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் கிழக்குக் கடற்கரைச் சாலை, ஈஞ்சம்பாக்கத்து வி.ஜி.பி. பூங்காவுக்குச் சென்றோம்.

நால்வரும் கல்லூரித் தோழர்கள். ஒருவர் மயிலாப்பூரில் வங்கி அலுவலர், ஒருவர் அடையாற்றில் பள்ளி ஆசிரியர், மற்றொருவர் தி.நகர்க்காரர், ஜித்தாவில் கணக்கராகப் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி அந்த ஆண்டுதான் ஊரோடு வந்து சேர்ந்தவர். நான்காமவன் நான். நாங்கள் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தபோது, 1995இல், தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாகிய ‘மை டியர் குட்டிச்சாத்தா’னை 1984இல் எடுத்த நவோதயா அப்பச்சன் அமைத்த பூங்கா அது. திரையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் பொருள்களை நீட்டிக் காட்டியவர், பின்னர் அருவியையும் அலையையும் மெய்யாகவே கட்டிக் காட்டினார் என்று அந்நாளில் வியந்து பேசினோம். பேசினோமேயன்றிச் சென்றோமில்லை. நுழைவுக்கட்டணம் எங்கள் வீடுகளுக்கு எட்டாத தொலைவிலிருந்தது. எங்களுக்கு வாய்த்தவை மெரினாவில் கையால் சுற்றும் மரக்குதிரை ராட்டினமும், தீவுத்திடல் பொருட்காட்சியும், பங்குனித் திருவிழா நாள்களில் மயிலாப்பூர் மாடவீதியோரத்துக் குடை ராட்டினமுமே. எங்கள் வீடு கச்சேரி சாலைப் பள்ளிவாசலை அடுத்த தெருவில் இருந்தமையால், அறுபத்துமூவர் விழாவன்று அஸர் தொழுகை முடித்து வரும் அத்தா, வழியில் எனக்கு ஒரு சுற்றுக்குக் காசு கொடுப்பார். ஒரு சுற்றுக்குத்தான்.

இனி, பூங்காவுக்குச் செல்லும் எண்ணம் எழுந்த கதை. ஜித்தா நண்பர் ஊர் திரும்பிய சில வாரங்களில் அவருடைய வீட்டில் விருந்துண்டோம். கூடத்துச் சுவரில் அவருடைய மகனும் மகளும் வெவ்வேறு வயதுகளில் நிற்கும் புகைப்படங்கள். பெரும்பாலானவை அந்தக் கடற்கரைப் பூங்காவில் எடுக்கப்பட்டவை. பள்ளிச் சுற்றுலாவென்றும், மாமன் வீட்டாரோடு சென்றதென்றும் ஆண்டுதோறும் அங்கே சென்றிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பணம் அனுப்பியவர் இவர். ஒரு படத்திலும் இவர் இல்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை கிடைத்த விடுப்பு, திருமணங்களிலும் வீட்டுக் கட்டுமானத்திலும் மருத்துவமனை வாசல்களிலும் கழிந்துபோயிற்று. இப்போது மகன் வேலைக்குச் செல்கிறான். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் தம்மை விருந்தினரைப்போல் நடத்துகிறார்கள் என்றும், மகள் தம்மிடம் ஏதும் கேட்பதற்குமுன் தாயின் முகத்தைப் பார்க்கிறாள் என்றும் கைகழுவும் இடத்தில் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். சற்று நேரம் கழித்து, “அந்த எடத்த ஒரு தடவ பாக்கணும்டா. புள்ளைங்களக் கூப்புட்டா சிரிக்குதுங்க. நீங்க வாங்களேன்,” என்றார்.

வளைகுடாவில் உழைத்த தந்தையரைக் கொண்ட மாணவர்கள் எம் வகுப்புகளில் ஆண்டுதோறும் பலர் இருக்கின்றனர். பொருள்வயிற் பிரிவை அகத்திணையில் நடத்தும்போதெல்லாம் தலைவியின் ஆற்றாமையையே விரித்துரைக்கிறோம். பிரிந்து சென்றவன் திரும்பி வந்து தன் வீட்டிலேயே அந்நியனாகி நிற்கும் நிலைக்குத் துறை வகுத்தாரில்லை. வகுத்திருக்கலாம்.

எங்கள் மகல்லாவின் முதியவர் ஒருவர் செய்தியறிந்து, “தம்பி, தலை நரைக்கும் வயசுல ராட்டினமா?” என்று வினவினார். கேலி பாதி, கவலை பாதி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும், அதில் அன்னையார் முந்தியதும், பின்னொரு முறை ஓடியபோது நாயகம் முந்தியதும் அபூதாவூத் தொகுப்பில் பதிவாகியுள்ளன. நான் அதை நினைவூட்டினேன். பெரியவர் சிரித்தார். “ஓடுறது வேற, காசு குடுத்துச் சுத்துறது வேற,” என்று சொல்லிச் சென்றார். அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது.

தி.நகர்ப் பேருந்து நிலையத்தில் மாமல்லபுரம் பேருந்தில் நானும் ஜித்தா நண்பரும் ஏற, மற்ற இருவரும் வழியில் சேர்ந்துகொண்டனர். செல்லும் இடத்தைப் பற்றி மயிலை நண்பர் சொல்லிக்கொண்டே வந்தார். வி.ஜி.பன்னீர்தாஸ் நிறுவனம் என்றாலே முந்தைய தலைமுறைக்குத் தவணைமுறைதான் நினைவுக்கு வரும். வானொலிப்பெட்டியையும் கைக்கடிகாரத்தையும் மாதாமாதம் கட்டிப் பெறலாம் என்னும் வழக்கத்தை நடுத்தரக் குடும்பங்களில் பரவலாக்கிய நிறுவனம் அது. அக்குடும்பத்தைச் சேர்ந்த வி.ஜி.சந்தோசம், உலகத் தமிழ்ச் சங்கம் ஒன்றை நிறுவி அயல்நாடுகளுக்குத் திருவள்ளுவர் சிலைகளை அனுப்பியவர் என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிந்திருப்பர்.

சிலை என்றதும் பூங்காவின் சிலை மனிதரைச் சொல்லாமல் விட இயலாது. தலைப்பாகையும் மீசையும் அரண்மனைக் காவலர் உடையுமாக, கண்ணிமையன்றி வேறொன்றும் அசையாமல் நாள்தோறும் பல மணி நேரம் நிற்பதே அவருக்குத் தொழில். இலண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக் காவலரைக் கண்டு பிறந்த யோசனை இது என்று இதழ்களில் எழுதியிருக்கின்றனர். அவரைச் சிரிக்கவைக்க முயலாதார் சென்னையில் அரியர். இளைஞர் கூட்டமொன்று அவர்முன் குரங்குச் சேட்டை செய்துகொண்டிருந்தது. அடையாற்று நண்பரும் தம் வகுப்பறை நகைச்சுவைகளை எடுத்துவிட்டார், பலிக்கவில்லை. ஜித்தா நண்பர் மட்டும் அவரருகே சென்று நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுச் சுவரில் உள்ள ஒரு படத்தில் அந்த உடைக்குப் பக்கத்தில் ஆறு வயது மகள் அழுதுகொண்டு நிற்கிறாள். “இவருக்கு எம் புள்ளயத் தெரிஞ்சிருக்கும்,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பிறகு கொலம்பஸ் என்று நம் மக்கள் வழங்கும் கப்பல் ஊசல். மூவர் ஏறினோம், ஜித்தா நண்பர் தலைசுற்றும் என்று சொல்லி, எங்கள் செருப்புகளுக்கும் கண்ணாடிகளுக்கும் காவலராக எதிரே இருந்த பலகையில் அமர்ந்துகொண்டார். கப்பல் முதலில் தொட்டிலைப்போலத்தான் ஆடியது. நான்கைந்து வீச்சுகளுக்குப் பின் மேலே சென்று ஒரு நொடி நின்றது. அந்த நொடியில் இருக்கை நம்மைவிட்டு நீங்குகிறது. வயிறு மட்டும் மேலேயே தங்கிவிட, உடல் கீழே வருகிறது. மயிலை நண்பர் அலறினார். வங்கியில் அவருக்குக் கீழ்ப் பணியாற்றுவோர் கேட்டிருந்தால் அவர்மீது அன்பு கொண்டிருப்பர். இறங்கியபின் மூவரும் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு காரணமின்றிச் சிரித்தோம்.

அச்சத்துக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் அணங்கு, கொடுவிலங்கு, கள்வர், அரசன் ஆகியவை. காசு கொடுத்து வாங்கும் அச்சம் இவற்றுள் எதிலும் அடங்காது. அஞ்சுதற்குரியது ஏதுமில்லை என்று அறிவு சொல்ல, உடல் அதை நம்ப மறுக்கும் நிலை அது. அச்சத்தின் உடையணிந்து வரும் உவகை என்றே அதனைக் கொள்வேன். அறிவின் அந்த உறுதி எப்போதும் செல்லாது என்பதும் உண்மை. 2025 மே மாதத்தில் அதே பூங்காவில் உயர்ந்த ராட்டினமொன்று நடுவானில் நின்றுபோக, முப்பதுக்கும் மேற்பட்டோர் மணிக்கணக்கில் மேலே தவித்து, தீயணைப்புத் துறையினரால் மீட்கப்பட்டனர். அந்தச் செய்தியைக் கண்ட அன்று எங்கள் நால்வரின் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் ஒலித்தன.

பலகையில் அமர்ந்திருந்த நண்பரிடம் வருகிறேன். 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தைத் திறந்த வால்ட் டிஸ்னி, அந்த எண்ணம் தமக்கு ஒரு பூங்காப் பலகையில் தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, தாம் வெளியே வேர்க்கடலை தின்றவாறு காத்திருந்தாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓரிடம் வேண்டும் என்று அப்போது நினைத்தாராம். அந்தத் தந்தையேனும் பிள்ளைகள் சுற்றுவதைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தார். எங்கள் நண்பர் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அங்கே சுற்றிய இருவரைத் தேடிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் வீட்டுப் படங்களைப் பதிவு செய்து வந்திருந்தார். ஒரு படத்தை உயர்த்திப் பிடித்து, பின்னணியில் தெரியும் மரத்தையும் மதிலையும் எதிரே உள்ளவற்றோடு ஒத்துப் பார்த்தார். சில இடங்கள் அகப்பட்டன. பல மாறிவிட்டிருந்தன. அகப்பட்ட இடங்களில் தாம் நிற்க, எங்களைப் படமெடுக்கச் சொன்னார்.

அப்படங்களை அவர் வீட்டுக்கு அனுப்பிய சற்று நேரத்தில் மகள் அழைத்தாள். நாங்கள் விலகி நிற்க முயன்றோம். அவர் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டிருந்தமையால் யாவும் கேட்டது.

“அத்தா, கொலம்பஸ் ஏறிட்டீங்களா?”

“இல்லம்மா. பயமா இருக்கு.”

“ஏறுங்க அத்தா. நடுவுல உக்காராதீங்க, அங்க ஒண்ணுமே தெரியாது. கடைசி வரிசையில உக்காருங்க, அதுதான் ரொம்ப ஒசரம் போகும். கண்ண மூடக்கூடாது. மூடுனா வாந்தி வரும்.”

“சரிம்மா.”

“கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க. எறங்குனதும் எனக்குப் போன் பண்ணணும்.”

“சரிம்மா,” என்றார் மறுபடியும். கைப்பேசியை என்னிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றிப் பலகைக்கடியில் தள்ளினார். வரிசையில் முன்னால் நின்ற பள்ளிச் சிறுவர்களிடம் கடைசி இருக்கை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே படியேறினார்.