நாற்பது மில்லிமீட்டர் இரைச்சல்

ஒரு கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் நாலைந்து ஃபேன்கள் சுழல்கின்றன. அவற்றில் காதைத் தொந்தரவு செய்வது பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னதுதான். கேபினட்டின் முன்பக்கத்தில் இருக்கும் 120 மில்லிமீட்டர் ஃபேன் நிதானமாகச் சுற்றும். அதிவேக நெட்வொர்க் கார்டின் ஹீட் சிங்க் மேல் திருகியிருக்கும் 40 மில்லிமீட்டர் ஃபேனோ, ஆன் செய்த நொடியிலிருந்து ஆஃப் செய்யும்வரை ஒரே சுருதியில் கீச்சிடும். இத்தகைய கார்டுகள் பலவற்றில் வேகக் கட்டுப்பாடு கிடையாது. கேபிளில் தரவு ஓடினாலும் ஓடாவிட்டாலும் 12 வோல்ட், முழு வேகம்.

வீட்டில் இப்படி ஒரு கார்டு எதற்கு என்று கேட்கலாம். நான் பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து சேர்த்துவைக்கிறேன். ஏ4 அளவுள்ள ஒரு வண்ணப் பக்கத்தை 600 டிபிஐ-யில், சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 100 மெகாபைட். 200 பக்கத் தொகுதி ஒன்று 20 ஜிபி ஆகிவிடும். ஒரு கிகாபிட் இணைப்பில் அதை அடுத்த அறையிலுள்ள சேமிப்புக் கணினிக்கு அனுப்ப மூன்று நிமிடம் வேண்டும். 10 கிகாபிட்டில், வட்டுகளும் ஈடுகொடுத்தால், அரை நிமிடம்கூட ஆகாது. நாள் முழுவதும் தொகுதி தொகுதியாக நகர்த்துகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். அதனால் சர்வரிலிருந்து கழற்றி விற்கப்பட்ட செகண்ட்ஹேண்ட் கார்டு ஒன்றை வாங்கிப் போட்டேன்.

அதே அறையில் இன்னொரு வேலையும் நடக்கிறது. பார்வையற்ற மாணவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறேன். அவற்றைக் கேட்டுச் சரிபார்ப்பவர் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர். கார்டு வந்த பிறகு அனுப்பிய முதல் பதிவைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். “வாசிப்பு நல்லா இருக்கு சார். ஆனா பின்னால ஏதோ ஒண்ணு நிக்காம ஓடிக்கிட்டே இருக்கே, அது என்ன?” என்றார். பாடத்தைக் காதால் மட்டுமே படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சத்தம் ஒவ்வொரு வரியோடும் கூடவே வரும். அதைத் தீர்த்தே ஆகவேண்டும் என்று நான் இறங்கியது அவருடைய அந்தக் கேள்வியால்தான்.

இரைச்சலைக் கண்ணாலும் பார்க்க முடியும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றினால், பேச்சு மேடுபள்ளமாகத் தெரியும். ஃபேன் மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேர்கோடாகத் தெரியும். அந்தக் கோடு எங்கே விழும் என்பதற்குச் சின்னக் கணக்கு உண்டு. இறக்கைகளின் எண்ணிக்கையை நொடிக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்க வேண்டும். ஏழு இறக்கை, நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 சுற்று. ஆக 700 ஹெர்ட்ஸ்.

நம் தலைக்கு மேல் சுற்றும் சீலிங் ஃபேனுக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 350 சுற்று. விடை 17.5 ஹெர்ட்ஸ். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதில்லை. சீலிங் ஃபேனின் அடிப்படைச் சுருதி நம் செவிக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. நாம் கேட்பது பெரும்பாலும் காற்றின் பொதுவான ஓசையைத்தான். குட்டி ஃபேனின் சுருதியோ பேச்சுக்குரலின் நட்டநடுவில் வந்து விழுகிறது. ஆண் குரலில் ‘ஆ’ என்ற உயிரொலிக்கு உருவம் தரும் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ இதே 700 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இருக்கிறது. மென்பொருளை வைத்து அந்தக் கோட்டை அழிக்கப்போனால் ஒவ்வொரு ‘ஆ’விலிருந்தும் கொஞ்சம் சதை போய்விடுகிறது. ஆகவே பதிவில் திருத்துவது வழியல்ல. பிறக்கிற இடத்திலேயே குறைக்க வேண்டும்.

பிறக்கிற இடத்துக்குப் போனால் முதலில் எதிர்ப்படுவது சூடு. செப்புக் கம்பியில் 10 கிகாபிட் அனுப்பும் 10ஜிபேஸ்-டி என்ற தரம் 2006-இல் வந்தது. கேபிளுக்குள் இருப்பது அதே நான்கு ஜோடிக் கம்பிகள். ஒரு கிகாபிட்டில் ஒவ்வொரு ஜோடியிலும் நொடிக்கு 12.5 கோடிக் குறியீடுகள், ஐந்து மின்னழுத்தப் படிகளில் போகின்றன. 10 கிகாபிட்டில் அது 80 கோடிக் குறியீடுகள், 16 படிகள். அதுவும் ஒரே ஜோடியில் போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். தான் அனுப்பியதன் எதிரொலியையும், பக்கத்து ஜோடியிலிருந்து கசிந்து வருவதையும் கணக்கிட்டுக் கழித்த பிறகே எதிர்முனை சொன்னது சிப்புக்குப் புரியும். இடைவிடாத இந்தக் கணக்குதான் சூடாக வெளிவருகிறது. ஆரம்ப கால சிப்புகள் ஒரு போர்ட்டுக்கே 10 வாட் அளவில் தின்றன. பிறகு வந்தவை குறைத்துக்கொண்டே வந்தன. இன்டெல் 2012-இல் கொண்டுவந்த எக்ஸ்540, முன்பு தனித்தனி சிப்புகளில் நடந்த வேலைகளை ஒரே சிப்பில் சேர்த்தது. அதிலும் இரண்டு போர்ட்டும் முழு வேகத்தில் ஓடினால் 10 வாட்டைத் தாண்டும்.

இந்த வகைக் கார்டுகள் பிறந்த இடம் சர்வர் அறை. அங்கே குளிரூட்டிய காற்று கேபினட்டின் முன்னிருந்து பின்னாக வேகமாகப் பாய்ந்தபடி இருக்கும். யாரும் அங்கே உட்கார்ந்து புத்தகம் வாசிப்பதில்லை. அப்படிப்பட்ட கார்டு சித்திரை மாதச் சென்னை வீட்டின் 35 டிகிரி அறைக்கு வந்து, கிராபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கிறது. சில மாதங்களில் ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவில் தெருப் புழுதி படிகிறது. அதன் இரைச்சலில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டவர்கள் ஃபேனின் வயரைப் பிடுங்கிவிட மாட்டார்கள்.

என்ன வகைச் சத்தம் என்று பிரித்தறிவது அடுத்த வேலை. சீரான கீச்சு என்றால் அது வேகத்தின் சத்தம். கரகரப்போ, ஆன் செய்தவுடன் மட்டும் வரும் உறுமலோ என்றால் பேரிங் வறண்டிருக்கிறது. கேபினட்டின் மேல் கைவைத்து அழுத்தினால் மாறுகிற முனகல் என்றால் அதிர்வு. ஏதோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். எந்த ஃபேன் என்ற சந்தேகம் வந்தால், காது குடையும் பஞ்சுக்குச்சியின் முனையை ஃபேனின் நடுக்குமிழில் மெல்ல வைத்து ஓரிரு நொடி நிறுத்திப் பார்க்கலாம். சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான்.

பிறகு மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, கார்டை வெளியே எடுத்துத் தூசி தட்ட வேண்டும். ப்ளோயரால் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது முக்கியம். விட்டால் அது தன் இயல்பான வேகத்தை மீறிச் சுற்றிப் பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். விலை குறைந்த ஃபேன்களில் இருப்பது எண்ணெய் ஊறிய நுண்துளை வெண்கல உருளை; அதற்குள் தண்டு சுழலும். எண்ணெய் வற்றினால் தண்டு ஆடும், உராயும், கரகரக்கும். நடுவிலிருக்கும் ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டால் பல ஃபேன்கள் மீண்டும் உயிர்பெறும். தேங்காய் எண்ணெய் கூடாது. நாளாக ஆகப் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். துருநீக்கி ஸ்ப்ரேயும் வேண்டாம். இருக்கிற எண்ணெயையும் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். தண்டு ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தால் எண்ணெய் சில வாரம்தான் தாங்கும். அப்போது புது ஃபேன் போடுவதே சரி.

அதற்காகச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைத் தம்பி பழைய ஃபேனைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, “அண்ணே, சைஸ் மட்டும் பாத்து வாங்காதீங்க. தடிமன் பாருங்க, வோல்ட் பாருங்க, பின் பாருங்க” என்றார். அனுபவத்தின் பேச்சு அது. அகலம் 40 மில்லிமீட்டராக இருந்தாலும் தடிமன் 10-ஆ 20-ஆ என்பதைப் பொறுத்துத்தான் பக்கத்து ஸ்லாட் தப்பிக்கும். கார்டிலுள்ள பின் சிறியதாக இருந்தால் பழைய ஃபேனின் பிளக்கை வெட்டிப் புது ஃபேனின் வயரோடு பற்றவைக்க வேண்டும். மூன்றாவது வயர் இருந்தால் அது சுற்று எண்ணிக்கையைக் கார்டுக்குச் சொல்லும் வயர். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. அதை விட்டுவிட்டால் ஃபேன் நின்றுவிட்டது என்று கார்டு நினைத்துக்கொள்ளக்கூடும்.

வேகம் குறைந்த ஃபேன் போட்டால் கார்டு வெந்துவிடாதா? எல்லோருக்கும் எழும் இந்தக் கேள்விக்கு இயற்பியல் தரும் பதில்தான் எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றும். 15 என்றால் மூன்றில் ஒரு பங்காகிவிடும். சூட்டை எடுத்துப்போகும் திறனோ பாதிக்குக்கூட விழுவதில்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். அறையைவிட 20 டிகிரி அதிகமாக இருந்த ஹீட் சிங்க் இப்போது 30 டிகிரி அதிகமாக இருக்கும், அவ்வளவுதான். குளிர்ச்சியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அமைதி நிறையக் கிடைக்கிறது. நல்ல 40 மில்லிமீட்டர் ஃபேன்கள் இந்த ஆதாயத்தைத்தான் பயன்படுத்துகின்றன. ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் 10 மில்லிமீட்டர் தடிமன் ஃபேன் 4,500 சுற்றில் 17.9 டெசிபல் என்று அதன் விவரக்குறிப்பு சொல்கிறது.

ஆனாலும் அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது. அதற்கு அகச்சிவப்பு வெப்பமானி போதும். காய்ச்சல் பார்க்கும் வகை உதவாது, அது உடல்சூட்டின் எல்லையைத் தாண்டிக் காட்டாது. தொழிற்கூடங்களில் வைத்திருக்கும் வகை வேண்டும். பளபளக்கும் அலுமினியத்தை நேரடியாகக் குறிவைத்தால் உண்மையான சூட்டைவிடக் குறைவாகக் காட்டும். ஓரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் பார்த்தால் சரியான அளவு வரும். பெரிய கோப்பு ஒன்றை அனுப்பிக்கொண்டே, பிற்பகல் வெயிலில் அளக்க வேண்டும். மார்கழி விடியலில் எடுத்த அளவை வைத்துக்கொண்டு அக்கினி நட்சத்திரத்தைக் கடக்க முடியாது.

ஃபேனை மாற்றுவதோடு நின்றுவிடாமல் அதன் பாரத்தையும் குறைக்கலாம். பழைய கார்டில் சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவிலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து கட்டிப்போயிருக்கும். துடைத்துப் புதிதாகப் பூசினால் சூடு தடையில்லாமல் ஏறி வெளியே வரும். பக்கத்து ஸ்லாட்டைக் காலியாக விடலாம். 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைக் கார்டின் பக்கம் திருப்பி மெதுவாக ஓடவிடலாம். அதன் பரப்பு குட்டி ஃபேனைப்போல ஒன்பது மடங்கு. 600, 700 சுற்றிலேயே வேண்டிய காற்றைத் தந்துவிடும். கணினிகள் இரண்டும் அருகருகே இருந்தால் எஸ்எஃப்பி பிளஸ் என்ற வேறு வகை இணைப்புள்ள கார்டுகளும் சில மீட்டர் நேரடிச் செப்புக் கேபிளும் போதும். அதில் எதிரொலியைக் கழிக்கும் அந்தப் பெருங்கணக்கு கிடையாது, சூடும் சொற்பம்.

என் மேசையில் இப்போது புதுப் பேஸ்டும், மெதுவாகச் சுற்றும் புது ஃபேனும், பக்கவாட்டில் ஒரு பெரிய ஃபேனும் வேலை செய்கின்றன. பதிவில் அந்த நேர்கோடு இல்லை. இதில் நான் தெளிந்தது ஒன்று. சத்தம் என்பது ஃபேனுக்குக் கொடுக்கப்பட்ட வேலையின் அளவு. அந்த வேலையைக் குறைத்தால் மெதுவான ஃபேனே போதும். வேலையை அப்படியே விட்டுவிட்டு வாயை மட்டும் பொத்தினால் கார்டு சாகும்.

லினக்ஸில் இன்டெல் 10 கிகாபிட் கார்டுகளுக்கான டிரைவரில் ஓர் எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள். ஃபேன் நின்றுவிட்டது, கார்டை மாற்றுங்கள் என்பது அதன் பொருள். கோடிக்கணக்கான நுண்ணிய கணக்குகளை நொடிக்கு நொடி பிழையின்றிப் போடுகிற சிப் நன்றாகவே இருக்கும். வறண்டது ஒரு துளி எண்ணெய். ஃபேன் பழுதானதற்காகக் கார்டையே குப்பைக்கு அனுப்பும் வழக்கத்தை நாம் ஏற்கக்கூடாது. எல்லாக் கடையிலும் கிடைக்கும் அளவில், நான்கு ஸ்க்ரூவில் கழலும் ஃபேன் வைத்த கார்டு பத்தாண்டு தாண்டியும் உழைக்கும். எங்கும் கிடைக்காத அளவில் ஒட்டிவைத்த ஃபேன் அந்த ஆயுளைத் தொடக்கத்திலேயே வெட்டிவிடுகிறது. அடுத்த முறை கார்டு வாங்கும்போது வேகத்தையும் விலையையும் கேட்ட பிறகு, இந்த ஃபேனைக் கழற்ற முடியுமா என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் செய்பவர்களும் அப்படிச் செய்யத் தொடங்குவார்கள்.