பன்னுக்குள் ஒரு போலந்துக் கொழுக்கட்டை

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்

வேதியியல் மாணவி ஆண்டு மலருக்குச் சமையல் கட்டுரை எழுதலாமா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்! போலந்து நாட்டுக் கொழுக்கட்டைக்கு என்னை அழைத்துச் சென்றதே வேதியியல்தான்.

1898ஆம் ஆண்டு மேரி கியூரியும் அவர் கணவரும் தாங்கள் கண்ட புதிய தனிமத்துக்குப் ‘பொலோனியம்’ என்று பெயரிட்டார்கள். அப்போது உலகப் படத்தில் போலந்து என்றொரு நாடே இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் 1795இல் அதைப் பங்கு போட்டு முடித்திருந்தன. 1918இல்தான் அது மீண்டும் எழுந்தது. படத்தில் இல்லாத தாய்நாட்டைத் தனிம அட்டவணையில் எழுதிவைத்த பெண்மணியின் மண்ணைப் பற்றி அறிய ஆசை கொண்டேன். வரலாற்றைத் தேடிப் போனவள், வழியில் உணவைக் கண்டேன்.

அதன் பெயர் பியெரோகி. கோதுமை மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, வட்டமாக வெட்டிப் பூரணம் வைத்துப் பிறைநிலவாக மடிக்கிறார்கள். நாம் ஆவியில் வேகவைப்போம். அவர்கள் கொதிக்கும் உப்புநீரில் போடுவார்கள். வெந்தது மேலே மிதந்து வரும். மீந்ததை மறுநாள் வெண்ணெயில் வறுப்பார்கள். ‘ருஸ்கியே’ என்ற வகைக்குப் பூரணம் உருளைக்கிழங்கு, புளித்த பாலின் கட்டி, வதக்கிய வெங்காயம். அப்பெயர் ரஷ்யாவைக் குறிப்பதன்று. இன்றைய உக்ரைனின் மேற்குப் பகுதி அடங்கிய ருத்தேனியாவைக் குறிப்பது. ஆயினும் 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபின் போலந்து உணவகங்கள் சில அதை ‘உக்ரைன் பியெரோகி’ என்று மாற்றிக்கொண்டன. ஒரு கொழுக்கட்டைக்குள் எத்தனை அரசியல், பாருங்கள்!

சுரங்கத்திலும் எஃகு ஆலையிலும் பிழைப்புத் தேடி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனவர்கள் இதையும் கொண்டுபோனார்கள். பிட்ஸ்பர்க் நகரத் தேவாலயங்களில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இதைச் செய்து விற்பது வழக்கம். அவ்வூர்ப் பேஸ்பால் ஆட்டத்தின் இடையே பியெரோகி வேடமிட்டவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடுவது 1999இல் தொடங்கியது. அப்படிப்பட்ட விளையாட்டுப் புத்தியில்தான் பியெரோகியைப் பர்கருக்குள்ளும் வைத்துப் பார்க்கிறார்கள். நானும் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

என் தந்தை சாலையோர உணவகத்தில் பரோட்டா மாஸ்டர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆயிரக்கணக்கானோருக்கு மாவு பிசைந்த அந்தக் கை, வீட்டில் மாவைத் தொடாது. அன்று அவருக்கு விடுமுறை. அத்தையும் வந்திருந்தார். “படிச்சது போதும், மாப்பிள்ளை பாக்கலாம்” என்பது அத்தையின் கட்சி. தந்தை அதுவரை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு அச்சமாக இருந்தது.

“காலேஜுக்கு அனுப்புனா பன்னுக்குள்ள கொழுக்கட்டை வைக்கக் கத்துக்கிட்டு வந்திருக்கா!” என்றார் அத்தை. தந்தை எழுந்து வந்து என் மாவை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“எண்ணெய் தடவி மூடி வைம்மா. ஊறணும். இல்லன்னா தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும்.”

“ஆமாப்பா. மாவுல குளூட்டன்னு ஒரு புரதம் வலை மாதிரி பின்னிக்கும். ஊற வைச்சா அந்த இறுக்கம் தளரும்.”

“அதுக்குப் பேரு வேற இருக்கா?” என்றவர், சற்று நேரம் கழித்து, “அப்போ வெந்நீர் எதுக்கு?” என்று கேட்டார்.

வெந்நீரில் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பும். புரத வலை வலுவிழக்கும். மாவு மென்மையாகும் என்றேன். புளித்த தயிரை மெல்லிய சூட்டில் திரியவைத்துத் துணியில் வடித்தபோது, அமிலத்தில் கேசின் என்ற புரதம் திரள்வதைச் சொன்னேன். உருளைக்கிழங்கை மசித்து அதனுடன் சேர்த்தேன். வறுபடும்போது மேற்புறம் பழுப்பதை 1912இல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கியதையும் சொன்னேன். பரோட்டா சிவப்பதும் அதனால்தானா என்றார் தந்தை. அதனால்தான் என்றேன். கேள்விகள் அரைமணி நேரம் நீடித்தன. எந்த வாய்மொழித் தேர்விலும் நான் அவ்வளவு மகிழ்ச்சியோடு விடை சொன்னதில்லை.

பன்னை இரண்டாகப் பிளந்து கல்லில் வாட்டினேன். உப்பிட்டுப் புளிக்கவைத்த முட்டைகோசு, வறுத்த பியெரோகி இரண்டு, பொன்னிற வெங்காயம், மேலே கெட்டித்தயிர். மூடப்போகும் வேளையில், “இரும்மா” என்று தடுத்த தந்தை, ஒரு கரண்டி சால்னாவை அதன் தலையில் ஊற்றிவிட்டுச் சிறுபிள்ளைபோல் சிரித்தார். போலந்துக்காரர் மன்னிப்பாராக! சுவை நன்றாகவே இருந்தது. அத்தை இரண்டு தின்றார்.

உணவோடு விளையாடக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பசி அறிந்த வீடுகளின் சட்டம் அது. ஆனால் சுரங்கத் தொழிலாளியின் வீட்டுப் பண்டம் மைதானத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறதே! விளையாட்டு வயிறு நிறைந்தவர்களின் தனிச்சொத்தன்று என்பதை அன்று என் தந்தையின் சிரிப்பிலும் கண்டேன்.

கை கழுவியபடியே அவர் அத்தையிடம் சொன்னார்: “இவ சொன்னதுல பாதி என் கைக்குத் தெரியும். பேருதான் தெரியாது. இவளாவது பேரு தெரிஞ்சுக்கட்டும். மூணாவது வருஷமும் போகட்டும்.”

இப்போதெல்லாம் இரவு வேலை முடிந்து வந்ததும், மாவு படிந்த சட்டையோடே கேட்கிறார்: “இன்னிக்கு என்ன பேரு படிச்சே?”